நிழலை மிதித்தால் வலிக்குமா?

சின்ன வயசில் எல்லோரும் ஆடியிருப்போம். சாயங்கால வெயிலில் நிழல் நீளமாக விழும். அடுத்தவன் நிழலை மிதித்தால் அவன் அவுட். மிதிபட்டவன், ஏதோ காலையே மிதித்துவிட்ட மாதிரி 'ஆ'வென்று கத்துவான். சும்மா ஆக்டிங்தான். நிழலுக்கு ஏது நரம்பு, ஏது வலி?

'இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். ஒருத்தருக்கு வலித்திருக்கிறது. 1994-ல், ஆம்ஸ்டர்டாமில், ஒரு டான்ஸருக்கு. அவர் மேல் யாருடைய விரலும் படவில்லை. வேறொரு அறையில் இருந்த படுக்கையின் மேல் அவருடைய வீடியோ பிம்பம் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு ஆள் அந்தப் பிம்பத்தின் வயிற்றில் முழங்கையால் ஓங்கி இடித்தார். இந்த அறையில் இருந்த டான்ஸர் சுருண்டுகொண்டார்.

அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் இந்த வாரத்து மேட்டர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இன்டராக்டிவ் ஆர்ட். 'தயவுசெய்து தொடாதீர்கள்' போர்டு மாட்டிய ஓவியம் போல இல்லாமல், நீங்கள் போய் நின்றால், நடந்தால், பேசினால் பதிலுக்கு ஏதாவது செய்கிற கலை. உள்ளே கேமரா இருக்கும், சென்ஸார் இருக்கும், கம்ப்யூட்டர் இருக்கும்.

நம்ம ஊர் சிம்போசியங்களில் இந்த மாதிரி ஒரு ஐட்டம் வைத்தால் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி 'என்ன சென்ஸார் மச்சி?' இரண்டாவது கேள்வி 'எவ்ளோ செலவாச்சு?' இரண்டுமே நல்ல கேள்விகள்தான். ஆனால் அழகு எங்கே இருக்கிறது என்று தேடினால், இரண்டும் நம்மைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விடும். என் கட்சி இதுதான்: இந்தக் கலையின் அழகு, மெஷினுக்கு முன்னால் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. வில்லுப்பாட்டில் பாடுகிறவர் ஒவ்வொரு வரி சொல்லும்போதும் பக்கத்தில் ஒருத்தர் 'ஆமா' போடுவார், கவனித்திருக்கிறீர்களா? அந்த 'ஆமா' இல்லாவிட்டால் கதை நகராது. அந்த மாதிரி.

ஒரு மைல் தூரத்தில் ஒரு கை

1969. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். மைரன் க்ரூகர் என்ற கம்ப்யூட்டர் மாணவர், சில கலைஞர்களோடு சேர்ந்து ஒரு இருட்டு அறையைத் தயார் செய்தார். பெயர் க்ளோஃப்ளோ. சுவரோரம் ஒளிரும் குழாய்கள். தரையில் அழுத்தத்தை உணரும் பட்டைகள். ஆட்கள் நடக்க நடக்க வெளிச்சமும் சத்தமும் மாறும்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பின் தெரியாதவர்கள் கூட்டம் கூடினார்கள். கை தட்டினார்கள். கோரஸாக ஏதேதோ பாடினார்கள். திடீரென்று விளையாட ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் இன்னும் சுவாரஸ்யம். க்ரூகர் ஒரு கட்டடத்தில். அவருடைய நண்பர் ஒரு மைல் தள்ளி இன்னொரு கட்டடத்தில். கம்ப்யூட்டர் டேட்டா சரியாகப் போய்ச் சேரவில்லை. எங்கே கோளாறு என்று போனில் பேசியபடி தேடுகிறார்கள். இருவருடைய கேமரா படங்களையும் ஒரே திரையில் கலந்து போட்டிருந்தார்கள். ஒருவர் கை நீட்டி 'இதோ, இங்கே பார்' என்று சுட்டிக்காட்டினால் இரண்டு பேருக்கும் தெரியும். அவ்வளவுதான் ஏற்பாடு. கலை, கிலை எதுவும் யோசனையில் இல்லை.

சுட்டிக்காட்டும்போது க்ரூகருடைய கையின் படம், நண்பருடைய கையின் படத்தின் மேல் லேசாகப் பட்டது. நண்பர் சட்டென்று தன் கையை நகர்த்திக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கை பட்டால் நாம் நகர்த்திக்கொள்வோமே, அதே மாதிரி. நடுவில் ஒரு மைல். பட்டது வெறும் வெளிச்சம். ஆனாலும் 'இது என் இடம், அது உன் இடம்' என்கிற மரியாதை, உடம்பை விட்டுப் பிம்பத்துக்கும் போய்விட்டது. க்ரூகர் அந்த நொடியை விடவில்லை. அந்தச் சின்ன நகர்தலில் இருந்துதான் அவருடைய பெரிய படைப்பு வந்தது. வீடியோப்ளேஸ். 1975-ல் மில்வாக்கி கலை மையத்தில் காட்டினார். தனித்தனி அறைகளில் இருப்பவர்கள் திரையில் நிழலுருவங்களாகச் சந்திக்கலாம், தொடலாம், விளையாடலாம். விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற வார்த்தையே புழக்கத்துக்கு வராத காலம் அது.

இரண்டு படுக்கைகள்

இப்போது ஆம்ஸ்டர்டாம் கதை. பால் செர்மன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1992-ல் ஃபின்லாந்தில் ஒரு படைப்பு செய்தார். டெலிமாட்டிக் ட்ரீமிங். தூரத்தில் தனித்தனியாக இரண்டு இடங்கள். இரண்டிலும் ஒரு டபுள் பெட். நீங்கள் இந்தப் படுக்கையில் படுத்தால், மேலே இருக்கிற கேமரா உங்களைப் படம் பிடித்து, டெலிபோன் லைன் வழியாக அங்கே அனுப்பி, அந்தப் படுக்கையின் மேல் நிஜ அளவில் உங்களை விழவைக்கும். அங்கே படுத்திருப்பவர் பக்கத்தில் நீங்கள். அங்கே நடப்பது உங்கள் படுக்கையைச் சுற்றி இருக்கிற டிவிகளில் தெரியும். கை நீட்டலாம். ஆனால் கைக்கு எதுவும் அகப்படாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

'பெட்' என்றதும் கடைசி பெஞ்சில் கேட்கிற சிரிப்புச் சத்தம் காதில் விழுகிறது. அந்தச் சங்கடமே செர்மனுக்கு வேண்டியிருந்தது. மேஜை, நாற்காலி என்றால் யாருக்கும் தயக்கம் வராது. படுக்கை என்றால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் எப்படிப் படுப்பது, கையை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு அசைவிலும் யோசிக்க வேண்டும்.

1994-ல் இந்தப் படைப்பு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தபோது, சூசன் கோஸெல் என்ற டான்ஸர் பல வாரங்கள், தினமும் பல மணி நேரம் அந்தப் படுக்கையில் இருந்தார். இவர் தத்துவமும் படித்தவர் என்பதால் அனுபவத்தை விரிவாக எழுதியும் வைத்தார். யாரோ ஒருவர் பொறுமையாக, மெதுவாக, அவருடைய பிம்பத்தின் கையைத் தேடி வந்து தொடும்போது மின்சாரம் பட்ட மாதிரி உடம்பு சிலிர்த்ததாம். தொடாத தொடுகைக்கு உடம்பு பதில் சொல்லியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருந்தது. முழங்கையால் இடித்த ஆளைச் சொன்னேன். அதைவிட மோசமாக, ஒரு தடவை இரண்டு ஆண்கள் வந்து அவருடைய பிம்பத்தைத் தாக்கினார்கள். அப்போது கோஸெல் செய்த காரியம், தன் பிம்பத்திலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டது. 'அது நான் இல்லை, வெறும் வெளிச்சம்' என்று விலகிப் போய்ப் பார்த்தார். மென்மையாகத் தொட்டபோது 'அது நான்' என்று இருந்த மனசு, அடித்தபோது 'அது நான் இல்லை' என்று ஓடிப் போக வேண்டியிருந்தது.

இதை முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆர்ட் கேலரி சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. இன்றைக்கு ஒரு பெண்ணின் போட்டோவை மார்ஃப் செய்து க்ரூப்பில் தட்டிவிட்டு, 'சும்மா ஜாலிக்கு, வெறும் போட்டோதானே' என்கிறார்களே, அவர்களுக்கான பதில் அந்தப் படுக்கையில் 1994-லேயே இருந்தது. பிம்பம் வெறும் வெளிச்சமா, ஆளா என்பதை முடிவு செய்யும் உரிமை அந்தப் பிம்பத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான். க்ரூகருடைய நண்பர் கையை நகர்த்திக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுஷர். அவ்வளவுதான் வித்தியாசம்.

சோறு போட்டால் கலையா?

'சரி பாஸ், மனுஷங்க பழகுறது ஓ.கே. இதுல ஈஸ்தெடிக்ஸ் எங்க வந்துச்சு?' நியாயமான கேள்வி. இதற்கு ஒரு புத்தகமே இருக்கிறது. நிக்கோலா பூரியோ என்ற பிரெஞ்சு விமரிசகர் 1998-ல் எழுதியது. 'உறவுகளின் அழகியல்' என்று தமிழில் சொல்லலாம். அவர் சொன்னதன் சாரம்: இந்தத் தலைமுறைக் கலைஞர்கள் பலருக்கு மூலப்பொருள் பெயின்ட்டும் களிமண்ணும் அல்ல, மனிதர்கள் சந்தித்துக்கொள்வதுதான்.

அவர் ஆதரித்த கலைஞர்களில் ஒருவர் ரிர்க்ரித் திரவனிஜா. 1992-ல் நியூயார்க்கில் ஒரு கேலரிக்குள் அடுப்பு வைத்து, தாய்லாந்து குழம்பும் சோறும் சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் போட்டார். சுவரில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருந்ததுதான் படைப்பு. 'எங்க ஊர் கோயில்ல தினமும் நடக்குதே' என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கேலரி என்பது குரலைத் தாழ்த்தி, தனித்தனியாக நின்று பார்க்கிற இடம். அங்கே பந்தி போட்டதுதான் கலகம்.

இந்த யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு டெக்னாலஜிக் கலைக்கு வாருங்கள். அழகான படைப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரு சரியான உதாரணம், 1998-ல் ஸ்காட் ஸ்னிப்பி என்ற அமெரிக்கர் செய்த பவுண்டரி ஃபங்ஷன்ஸ். ஒரு வெறும் தரை. மேலே ஒரு கேமரா, ஒரு ப்ரொஜெக்டர். நீங்கள் தனியாகப் போய் நின்றால் எதுவுமே நடக்காது. குதித்தாலும் நடக்காது. இன்னொருவர் வந்து நின்ற உடனே, உங்கள் இருவருக்கும் நட்டநடுவில் ஒரு கோடு விழும். நீங்கள் நகர்ந்தால் கோடும் நகரும். மூன்றாவது ஆள், நாலாவது ஆள் வரவர தரை முழுக்க எல்லைகள். ஆளுக்கொரு பேட்டை.

கணக்குத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள், இது வரனாய் படம். தெருவில் நாலு டீக்கடை இருந்தால், எந்த வீட்டுக்கு எந்தக் கடை பக்கமோ அந்த வீடு அந்தக் கடைக்கு என்று மேப்பில் பிரித்துக் கோடு போடுவது. ஸ்னிப்பி கடைகளுக்குப் பதில் மனிதர்களை வைத்தார். நமக்கும் அடுத்தவருக்கும் நடுவே எப்போதும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத எல்லையை வெளிச்சமாக்கிவிட்டார். கூத்து என்னவென்றால், கோட்டைத் தாண்டி அடுத்தவர் பேட்டைக்குள் போக முடியாது. துரத்தினால் கோடும் ஓடும். 'என் பெர்சனல் ஸ்பேஸ்' என்று நாம் சொல்லிக்கொள்வதை அடுத்தவர் நிற்கிற இடம்தான் தீர்மானிக்கிறது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பகீர் தகவல் உண்டு. பவுண்டரி ஃபங்ஷன்ஸ் என்பது 1967-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு கணித மாணவர் எழுதிய பிஹெச்.டி. ஆய்வின் தலைப்பு. அந்த மாணவர் தியோடர் கசின்ஸ்கி. பிற்பாடு காட்டுக்குள் ஒரு மரக்குடிலில் தனியாக வாழ்ந்துகொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குத் தபாலில் குண்டு அனுப்பி மூன்று பேரைக் கொன்ற 'யூனபாம்பர்'. 1996-ல் பிடிபட்டார். சமூகமே வேண்டாம் என்று போன மனிதரின் தலைப்பை எடுத்து, இன்னொரு ஆள் வராவிட்டால் வேலையே செய்யாத ஒரு படைப்புக்கு வைத்தார் ஸ்னிப்பி. கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய கணக்கை நாலு பேர் நடுவில் கொண்டுவந்து போட்ட மாதிரி.

ஜன்னலும் மூன்று சாயங்காலங்களும்

1980 நவம்பர். நியூயார்க்கில் லிங்கன் சென்டர் வாசல். சாயங்காலம் நடந்து போகிறவர்கள், கண்ணாடி ஜன்னலில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் மனிதர்கள் அசைவதைப் பார்க்கிறார்கள். நின்று பார்த்தால் அவர்களும் நின்று பார்க்கிறார்கள். பேசினால் பதில் வருகிறது. அந்த ஆட்கள் நிற்பது நாட்டின் மறுகோடியில், லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பெரிய கடையின் வாசலில். நடுவில் சாட்டிலைட். கிட் காலவே, ஷெரி ராபினோவிட்ஸ் என்ற ஜோடி செய்த வேலை. பெயர் ஹோல் இன் ஸ்பேஸ்.

இதில் அழகு, அவர்கள் வைக்காமல் விட்ட விஷயங்களில் இருக்கிறது. போர்டு இல்லை. விளக்கக் குறிப்பு இல்லை. ஸ்பான்ஸர் விளம்பரம் இல்லை. முக்கியமாக, உங்கள் முகத்தை நீங்களே பார்க்க டிவி இல்லை. எதிரில் இருப்பவரை மட்டும்தான் பார்க்க முடியும். இன்றைக்கு வீடியோ கால் பேசும்போது ஓரத்தில் இருக்கிற சின்னக் கட்டத்தில் நம்ம தலைமுடி சரியாக இருக்கிறதா என்றுதானே பாதி நேரம் பார்க்கிறோம்? அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிட்டாலே பேச்சு மாறும். சந்தேகமாக இருந்தால் இன்று ராத்திரி அம்மாவோடு பேசும்போது அதன் மேல் ஒரு துண்டு பேப்பரை ஒட்டிப் பாருங்கள்.

மூன்று சாயங்காலங்கள் நடந்தது. முதல் நாள், தற்செயலாக வந்தவர்களின் ஆச்சரியம். 'எங்கே இருக்கீங்க?' விசாரணைகள், கையாட்டல்கள், விளையாட்டுகள். இரண்டாம் நாள், கேள்விப்பட்டவர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள், டிவியில் செய்தி வந்த பிறகு, போன் போட்டு நேரம் குறித்துக்கொண்டு குடும்பங்கள் வந்தன. அதில் இருபது வருஷத்துக்கு மேல் ஒருவரை ஒருவர் பார்க்காதவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் இரண்டு கரைகளிலும் ஒரே குடும்பம், நடுவில் ஒரு ஜன்னல். கலைஞர்கள் திட்டமிட்டது ஜன்னல் மட்டும். மூன்றாம் நாளைத் தயாரித்தது மக்கள்.

இதே ஐடியா 2024-ல் திரும்ப வந்தது. லிதுவேனியக் கலைஞர் பெனெடிக்டாஸ் கிலிஸ் 2021-லேயே வில்னியஸுக்கும் போலந்தின் லுப்ளினுக்கும் நடுவே ஒரு வட்ட ஜன்னல் திறந்திருந்தார். போர்ட்டல் என்று பெயர். மே 8, 2024 அன்று நியூயார்க்கும் டப்ளினும் இணைந்தன. சத்தம் கிடையாது, படம் மட்டும். கையாட்டினார்கள், ஆடினார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. டப்ளின் பக்கம் சிலர், இரட்டைக் கோபுரம் எரியும் படத்தைச் செல்போனில் எடுத்து நியூயார்க்காரர்களுக்குக் காட்டினார்கள். நியூயார்க் பக்கம் ஒருவர் உடையை விலக்கிக் காட்டினார். ஆறே நாளில் தற்காலிகமாக மூடினார்கள். மே 19 அன்று திறந்தபோது, யாராவது கேமராவுக்கு மிக அருகில் வந்தால் இரண்டு பக்கமும் படம் மங்கிப் போகிற மாதிரி மாற்றியிருந்தார்கள்.

இதைப் பார்த்து '1980-ல் மக்கள் நல்லவங்க, இப்ப கெட்டுப் போயிட்டாங்க' என்று பெருமூச்சு விட மாட்டேன். 1980-ல் எல்லோர் பையிலும் கேமரா இல்லை. நடந்ததை அரை மணியில் ஊர் முழுக்கப் பரப்பிப் பெயர் வாங்க வழியும் இல்லை. 2024-ல் ஜன்னலுக்கு முன்னால் நின்ற பலர், எதிரில் இருந்த ஊருக்காக ஆடவில்லை. பக்கத்தில் படம் பிடித்த செல்போனுக்காக ஆடினார்கள். இரண்டு பேருக்கான இடத்தில் மூன்றாவதாக ஒரு பெரிய கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

பூரியோவுக்குக் கிடைத்த முக்கியமான அடியும் இதுதான். கிளேர் பிஷப் என்ற பிரிட்டிஷ் விமரிசகர் 2004-ல் ஒரு கட்டுரையில் கேட்டார்: இந்தக் கலை உறவுகளை உண்டாக்குகிறது, சரி. எந்த மாதிரி உறவு? யாருக்கு? எதற்கு? கேலரிக்கு வந்து சோறு சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே ஒரே செட்டைச் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே என்ன பெரிய சந்திப்பு? நாலு பேர் கூடினார்கள் என்பதாலேயே அது அழகாகிவிடாது. கூட்டம் நெரிகிற சேல்ஸ் நாளில் ஜவுளிக்கடையிலும்தான் நாலாயிரம் பேர் கூடுகிறார்கள்.

எல்லையில் இரண்டு விளக்குகள்

பிஷப் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஒரு படைப்பு உண்டென்றால் அது பார்டர் ட்யூனர். ரஃபாயெல் லோஸானோ-ஹெம்மர், மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழும் கலைஞர், 2019 நவம்பரில் செய்தது. அமெரிக்காவின் எல் பாஸோ, மெக்சிகோவின் ஹுவாரெஸ். நடுவில் ஒரு நதி, ஒரு எல்லை வேலி. இரண்டு பக்கமும் உறவினர்கள். எல்லோராலும் தாண்ட முடியாது, காகிதம் வேண்டும். அதே வருஷம் ஆகஸ்ட் 3-ம் தேதி, எல் பாஸோவில் ஒரு கடையில் மெக்சிகோ வம்சாவளியினரைக் குறிவைத்துத் துப்பாக்கிச் சூடு நடந்தது. 23 உயிர்கள் போயின. ஊர் இன்னும் அழுதுகொண்டிருந்த நேரம்.

லோஸானோ-ஹெம்மர் இரண்டு கரையிலும் மைக், ஸ்பீக்கர், திருப்புவதற்கு ஒரு சக்கரம் வைத்தார். சக்கரத்தைத் திருப்பினால் வானத்தில் பெரிய சர்ச்லைட்கள் நகரும். உங்கள் ஒளியும், எதிர்க்கரையில் யாரோ ஒருவருடைய ஒளியும் வானத்தில் குறுக்கிட்டால், உடனே இருவருக்கும் பேச்சு திறக்கும். பேசப்பேச ஒளி துடிக்கும். விளக்கை விலக்கினால் பேச்சு அறுந்துவிடும்.

கவனியுங்கள். சந்திப்பதற்கு இரண்டு பேரும் தேட வேண்டும். ஒருவர் மட்டும் முயன்றால் வானத்தில் ஒற்றைக் கோடு, அவ்வளவுதான். பேச்சு பிடிக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் விளக்கைத் திருப்பிக்கொண்டு போகலாம். சம்மதம் என்பதை ஒரு பட்டனாக வைக்காமல், படைப்பின் அழகாகவே மாற்றிவிட்டார். போலீஸ்காரர்கள் ஆட்களைத் தேடப் பயன்படுத்துகிற அதே சர்ச்லைட்தான். அதை வைத்து ஆட்கள் ஆட்களைத் தேடினார்கள்.

அவருடைய இன்னொரு படைப்பும் சொல்லாமல் விட மனசில்லை. பல்ஸ் ரூம், 2006. மெக்சிகோவின் பூப்லா நகரில் ஒரு பழைய நெசவாலையில் முதலில் வைத்தார். கூரையில் இருந்து தொங்குகிற குண்டு பல்புகள், நூறு. ஒரு ஓரத்தில் கைப்பிடி. பிடித்தால் உங்கள் நாடித் துடிப்பில் ஒரு பல்பு அணைந்து அணைந்து எரியும். விட்டதும் உங்கள் துடிப்பு வரிசையின் முதல் பல்புக்குப் போகும். உங்களுக்கு முன் வந்தவர் ஒரு பல்பு தள்ளிப் போவார். அவருக்கு முன் வந்தவர் இன்னொன்று. கடைசி பல்பில் இருந்தவர் காணாமல் போவார். மனைவி வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருந்தபோது, இரண்டு துடிப்புகளையும் ஒரே சமயத்தில் ஸ்கேனில் கேட்டதில் பிறந்த யோசனை இது.

அங்கே நீங்கள் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் நூறு முன்பின் தெரியாதவர்களின் இதயம், ஒவ்வொன்றும் தன் வேகத்தில். நீங்கள் இடம் பெற ஒருவர் இடம் விட்டிருக்கிறார். உங்களையும் ஒருவர் தள்ளுவார். பெயர் இல்லை, முகம் இல்லை, லைக் எண்ணிக்கை இல்லை.

உங்க ப்ராஜெக்டுக்கு வருவோம்

இவ்வளவும் சொன்னது பொதுஅறிவுக்காக இல்லை. உங்களில் நிறையப் பேர் விஸ்காம், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆர்க்கிடெக்சர். இன்றைக்கு ஒரு வெப்கேம், டிபார்ட்மென்டில் தூசி தட்டி எடுத்த ஒரு ப்ரொஜெக்டர், இலவசமாகக் கிடைக்கிற ப்ராசஸிங் மென்பொருள் போதும், ஸ்னிப்பியின் கோட்டை உங்கள் காலேஜ் காரிடாரிலேயே போட்டுவிடலாம். 1998-ல் அவர் பட்ட கஷ்டம் உங்களுக்கு இல்லை. டெக்னிக்கல் ஏரியாவில் நீங்கள் புலி. நான் கேட்பதெல்லாம் செய்து முடிப்பதற்குள் சில விஷயங்களை யோசியுங்கள் என்றுதான்.

ஒருத்தர் மட்டும் வந்தால் உங்கள் படைப்பு முழுசாக வேலை செய்யுமா? செய்தால் அது ஒரு நல்ல கண்ணாடி. கண்ணாடியிலும் அழகு உண்டு, மறுக்கவில்லை. 1999-ல் கமில் அட்டர்பேக்கும் ரோமி அகிடுவும் செய்த டெக்ஸ்ட் ரெய்ன், மேலிருந்து எழுத்துகள் மழையாகக் கொட்டி உங்கள் தோளில், உள்ளங்கையில் வந்து தங்கும். தனியாகவே ஆடலாம். ஆனால் இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து விரித்தால்தான் அதிக எழுத்துகள் சேர்ந்து வரி படிக்கக் கிடைக்கும். கண்ணாடியில்கூட இரண்டாவது ஆளுக்கு ஒரு வேலை வைக்கலாம்.

வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்வார்கள்? இதை எழுதிப் பாருங்கள். 'ஆச்சரியப்படுவார்கள்' என்று மட்டும் வந்தால் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பார்களா, விட்டுக்கொடுப்பார்களா, போட்டி போடுவார்களா, ஒருத்தரை ஒருத்தர் தேடுவார்களா? மெஸ்ஸில் சமைக்கிற அக்காவும் முதல்வரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் என்ன நடக்கும்? பிஷப்பின் 'யாருக்கு?' என்ற கேள்வி நம் காலேஜில் இப்படித்தான் ஒலிக்கும்.

பிடிக்காதவர் எப்படி விலகுவார்? கேமரா தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரியுமா? பதிவானது என்ன ஆகும்? பல்ஸ் ரூமில் கடைசி பல்பு அணைவது மாதிரி, உங்கள் படைப்பு மறந்துவிடத் தெரிந்ததா? கோஸெல் மாதிரி ஒரு பெண் 'அது நான் இல்லை' என்று தன்னையே விட்டு ஓட வேண்டிய நிலை உங்கள் ப்ராஜெக்டில் வரக் கூடாது. வந்தால் எத்தனை ப்ரைஸ் வாங்கினாலும் அது அழகு இல்லை.

இன்னொன்று. திறப்பு விழா அன்று ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்று ஹெச்.ஓ.டி.க்குச் சர்க்யூட்டை விளக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, தூண் ஓரமாக நின்று, வந்தவர்களின் கைகளைக் கவனியுங்கள். எங்கேயாவது இரண்டு பிம்பம் உரசும். ஒருத்தர் சட்டென்று கையை நகர்த்திக்கொள்வார். இன்னொருத்தர் 'ஸாரி' என்பார், நிஜமாகவே தொட்டுவிட்ட மாதிரி.

அதைப் பார்த்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!